பாஸ் இருக்கா அண்ணே?

நண்பர் இதுவரை பதினேழு முறை செத்திருக்கிறார். விபத்தில் நான்கு, நெஞ்சுவலியில் ஆறு, பாராங் கத்தியால் வெட்டுப்பட்டு ஐந்து. மீதி இரண்டு எப்படி என்று அவருக்கே தெரியாது. செத்த காட்சி எடிட்டிங்கில் போய்விட்டது, பிணம் மட்டும் மிஞ்சியது. இவ்வளவு செத்தும் மனுஷன் இன்னும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவே கிராப் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் மேடை நடிகர். இருபத்தேழு வருஷ அனுபவம். தொலைக்காட்சியில் அவ்வப்போது தலை காட்டுவார், பெரும்பாலும் மூக்கில் பஞ்சோடு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற தீபாவளி நாடகத்தில் அந்தப் பிண வேஷமும் போய்விடும். அதற்கும் இப்போது போட்டி இருக்கிறதாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜாலான் துன் சம்பந்தனில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசலில் அவரோடு நின்றேன். கையில் டிக்கெட் கட்டு. முப்பது வெள்ளி டிக்கெட். சாப்பிட்டு முடித்து, பல் குத்திக்கொண்டு, குடும்பத்தோடு ஒருவர் வெளியே வந்தார். நண்பரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணே! டிவில பாத்தேன்ணே. செத்துப் போனீங்களே, நல்லா செத்தீங்க!"

நண்பர் கும்பிட்டார். நாடகம் இருக்கிறது என்றார். எந்த மண்டபம், எத்தனை மணி, யார் எழுதியது, எல்லாம் சொன்னார். வந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ பாவமன்னிப்பு கேட்பது போல ஒரு கேள்வி கேட்டார்.

"பாஸ் இருக்கா அண்ணே? அஞ்சு பேரு வருவோம்."

"டிக்கெட்டுதான் தம்பி. முப்பது வெள்ளி."

"முப்பதா! மாஹால்லா!"

மாஹால் என்றால் விலை அதிகம் என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவர் கையில் இருந்த கைப்பேசியைப் பார்த்தேன். திரையில் புக்கிட் ஜாலில் அரங்கம், பின்னால் வெளிச்ச வெள்ளம், முன்னால் இவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். சென்னை நட்சத்திரம் ஒருவர் வந்த ராத்திரி எடுத்த படம். அந்த டிக்கெட்டுக்கு அவர் யாரிடமும் பாஸ் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால் பாதுகாவலர் தூக்கி வெளியே போட்டிருப்பார். அங்கே நமக்கு மரியாதை தெரியும்.

இந்த விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. எழுதுகிறவன் என்ற பெயரைச் சொல்லி எட்டு வருஷம் நானும் முதல் வரிசையில் ஓசியில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவன்தான். இடைவேளையில் வடையும் வாங்கித் தருவார்கள். அதையும் தின்றேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்காரர்களின் அன்னலட்சுமி உணவகத்துக்கு ஒரு தத்துவம் உண்டு. வேண்டியதைச் சாப்பிடு, மனம்போலக் கொடு. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் ஏற்பாடு. கலைக்கும் அன்னத்துக்கும் விலை பேசக் கூடாது என்ற பெரிய மனசு அது. நம் ஆட்கள் அந்தத் தத்துவத்தின் முன்பாதியை மட்டும் மனப்பாடம் செய்து, தீவு முழுக்க, இல்லை, தீபகற்பம் முழுக்கக் கடைப்பிடித்து வருகிறார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரி 6-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் நட்சத்திர விழா நடந்தது. ரஜினி வந்தார், கமல் வந்தார், கோடம்பாக்கமே விமானம் ஏறி வந்தது. எதற்கு? சென்னை தியாகராய நகரில் தென்னிந்திய நடிகர் சங்கத்துக்குக் கட்டடம் கட்ட நிதி திரட்ட. அதாவது சென்னை நடிகர்கள் உட்கார்ந்து பேச ஒரு கூரை வேண்டும், அந்தக் கூரைக்கு ஓடு கோலாலம்பூரிலிருந்து போக வேண்டும். போகட்டும். கலைஞர்களுக்குக் கட்டடம் கட்டுவது புண்ணியம்தான். அதே வாரம் நண்பரின் குழு எங்கே ஒத்திகை பார்த்தது என்று எனக்குத் தெரியும். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பூப்பந்துக் கூடத்தில், ராத்திரி பத்து மணிக்கு மேல், ஆடுகிறவர்கள் வீட்டுக்குப் போன பிறகு. பாஞ்சாலி சபதம் செய்கிற இடத்தில் பாதுகாவலர் வந்து, சத்தம் போடாதீர்கள், மேலே குழந்தை தூங்குகிறது என்றார். பாஞ்சாலி மெதுவாகச் சபதம் செய்தாள்.

2025 டிசம்பர் 27-இல் அதே அரங்கில் விஜய்யின் 'ஜனநாயகன்' இசை வெளியீடு. அதற்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அன்று நண்பருக்கு நல்ல வருமானம். கிராப்பில்.

படப்பிடிப்பு எப்படி இருக்கும் என்று பலருக்கு ஆசை. ஒரு நாளைச் சொல்கிறேன். கிள்ளானில் ஒரு வாடகை பங்களா. காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். நண்பர் ஐந்தரைக்கே போய்விட்டார், மேடைப் பழக்கம், மணி அடிக்கும் முன்னால் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். மேக்கப் போடுகிற பெண் பதினொரு மணிக்கு வந்தாள். கதாநாயகன் இரண்டு மணிக்கு. பகல் சாப்பாடு முக்கிய நடிகர்களுக்கு வாழையிலையில், ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு. மற்றவர்களுக்கு நாசி லெமாக் பொட்டலம். சம்பல் தீர்ந்துபோன பொட்டலம் இவருக்கு வந்தது. பிணத்துக்குக் காரம் எதற்கு?

அவர் காட்சி வந்தபோது ராத்திரி ஒன்று நாற்பது. ஹாலில் சில்லென்ற மொசைக் தரை. பாய் போட்டால் ஒளிப்பதிவாளருக்கு நிறம் ஒத்து வரவில்லையாம், எடுத்துவிட்டார்கள். சத்தம் பதிவாகிறதென்று மின்விசிறியை நிறுத்தினார்கள். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றிக் கட்டு, நெற்றியில் ஒரு வெள்ளிக்காசு. காதோரம் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் அம்மாவாக நடிக்கும் பெண் கிளிசரின் போட்டு அழுகிறார். அவர் அழுகை இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. ஒன்பது தடவை எடுத்தார்கள். ஐந்தாவது தடவையில் வேட்டி மடிப்புக்குள் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. யாரோ விமான நிலையம் போகணுமாம்.

"டேய், யார்டா அது? பாடி! பாடி மூச்சு விடாத!"

கத்திய இயக்குநருக்கு வயது இருபத்தெட்டு இருக்கலாம். அவன் பிறந்த வருஷத்தை ஒட்டித்தான் இவர் முதன்முதலாக அரிச்சந்திரன் வேஷம் கட்டினார். மயான காண்டத்தில், தோளில் கோலோடு, சொந்தப் பிள்ளையின் உடலை எரிக்க வாய்க்கரிசியும் கால் பணமும் கேட்டு நிற்கும்போது தோட்டத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். மேடையில் சுடுகாட்டைக் காத்தவர், திரைக்கு வந்ததும் அதே சுடுகாட்டுக்குச் சரக்காகிவிட்டார். பதவி உயர்வு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அன்றைய கூலி நூற்றைம்பது வெள்ளி. இன்வாய்ஸ் அனுப்புங்கண்ணே என்றார்கள். அனுப்பினார். ஒரு மாதம் கழித்துக் கேட்டதற்கு, சேனல்லேர்ந்து பேமென்ட் வரலண்ணே என்றார்கள். மூன்றாவது மாதம் கணக்குப் பிள்ளை வேலையை விட்டுப் போய்விட்டார். ஐந்தாவது மாதம் கம்பெனியே பெயர் மாறிவிட்டது. ஏழாவது மாதம் நூற்று இருபது வந்தது. முப்பது எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்டதற்கு, சாப்பாடு என்றார்கள். சம்பல் இல்லாத நாசி லெமாக், முப்பது வெள்ளி. இதற்கு மட்டும் ஒருவரும் மாஹால் என்று சொல்லவில்லை.

நம் தொலைக்காட்சித் தமிழ் நாடகங்களின் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் ஒரே கதை. தாய் கஷ்டப்பட்டு மகனை வளர்ப்பாள், மகன் பெரிய ஆளாகி அவளை முதியோர் இல்லத்தில் விடுவான், தீபாவளிக்கு முந்தின நாள் மனம் மாறி மத்தாப்போடு வந்து நிற்பான். இந்தக் கதையில் சாவதற்கு ஒருவர் தேவை, அது தந்தை. அதனால்தான் நண்பருக்குத் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே அழைப்பு வந்துவிடுகிறது. விவசாயிக்குப் பருவமழை மாதிரி இவருக்கு மரணப் பருவம்.

மரண வேஷம் இல்லாதபோது போலீஸ்காரர். போலீஸ்காரருக்கு ஒரே வசனம்: "சார், பாடி கெடச்சிருச்சு." ஒரு நாடகத்தில் பாடியும் அவரே, அதைக் கண்டுபிடித்த போலீஸும் அவரே. தொப்பி வித்தியாசம் போதும் என்று விட்டுவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை.

இப்போது அடைமொழிக்கு வருவோம். என் கோபமெல்லாம் இங்கேதான்.

மலேசியா என்ற நாட்டின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட கலைஞன் ஒருவன் உண்டு. மலேசியா வாசுதேவன். இங்கே பிறந்து, இங்கே நாடகம் போட்டு, நடிப்பு ஆசையோடு சென்னைக்குக் கப்பல் ஏறியவர். '16 வயதினிலே' படத்தில் 1977-இல் அவர் குரல் ஊரைப் பிடித்தது. நடிப்பு ஆசையும் தீராமல், 'ஒரு கைதியின் டைரி' போன்ற படங்களில் வில்லனாக வந்தார். பாடகராகத்தான் உலகம் அவரைக் கொண்டாடியது, ஆனால் போனது நடிக்க. 2011-இல் காலமானார். அவர் சென்னைக்குப் போன பிறகுதான் மலேசியா அவருக்குப் பட்டமானது. இங்கேயே இருந்திருந்தால்? பெயர் வெறும் வாசுதேவன். நெற்றியில் வெள்ளிக்காசு.

அதற்கும் முன்னால் 1964-இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் வெட்டவெளியில் ஆடிப் பாடிய ரவிச்சந்திரன்? அவரும் கோலாலம்பூரில் பிறந்தவர். படிக்கத் திருச்சிக்குப் போனார், ஸ்ரீதர் கண்ணில் பட்டார், கதாநாயகன் ஆனார். அவர் படிப்பை முடித்து இங்கே திரும்பியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த முகவெட்டுக்கு, நிச்சயம், கல்யாணக் காட்சியில் பெண்ணின் தாய்மாமன் வேஷம் கிடைத்திருக்கும். வசனம் இல்லாமல்.

போனவனுக்குப் பட்டம் மலேசியா. இருந்தவனுக்குப் பட்டம் உள்ளூர். உள்ளூர்க் கலைஞர். அந்தச் சொல்லை நம் அறிவிப்பாளர்கள் சொல்லும் அழகே தனி. "இப்பொழுது தமிழகத்தின் முன்னணி நட்சத்திரம்..." என்கிறபோது குரல் விமானம்போல மேலே ஏறும். "அவரோடு நமது உள்ளூர்க் கலைஞர்களும்..." என்கிறபோது அதே விமானம் சுபாங்கில் இறங்கிவிடும். உள்ளூர்க் காய்கறி, உள்ளூர்க் கோழி, உள்ளூர்க் கலைஞர். கோழிக்காவது விலை ஏறுகிறது.

சென்னைப் படங்கள் இங்கே வந்து எடுக்கப்படுவதும் நமக்குப் பெருமைதான். 2007-இல் 'பில்லா' வந்தது, பத்துமலை முருகன் நன்றாகவே நடித்தார். பிறகு 2016-இல் 'கபாலி'. தோட்டத்துத் தமிழனின் கூலிப் போராட்டத்திலிருந்து தொடங்கும் கதை. நம் பாட்டன் கதை, நம் அப்பன் கதை. அதில் கபாலி சென்னையிலிருந்து வந்தார், சரி, ரஜினி இல்லாமல் கபாலி இல்லை. மனைவியாக ராதிகா ஆப்தே. எதிரி டோனி லீயாக வின்ஸ்டன் சாவ், தைவானிலிருந்து. நம் வாழ்க்கையை நடிக்க உலகமெல்லாம் ஆள் தேடியபோது இங்கிருந்து முக்கியமாகப் போனவை சாலைகளும் கட்டடங்களும். நம் நடிகர்கள் சிலரும் வந்தார்கள். கண் சிமிட்டாமல் பார்த்தால் தெரிவார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அந்தப் படத்தின் முடிவில் கபாலி என்ன ஆனார் என்பதை இயக்குநர் ரஞ்சித் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு விட்டுவிட்டார். மலேசியாவில் காட்டிய பிரதியில், கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். தணிக்கைக்காரர்களுக்குக் குற்றவாளி தப்பக் கூடாது. படம் முடிந்து வெளியே வந்த நண்பர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "அந்த எழுத்து எவ்வளவு நேரம் நின்னுச்சு பாத்தியா? நான் இது வரைக்கும் எந்தப் படத்துலயும் அவ்வளவு நேரம் நின்னதில்லப்பா."

அவரும் சென்னைப் படம் ஒன்றில் நின்றிருக்கிறார். எந்தப் படம் என்பது வேண்டாம். குடிநுழைவு அதிகாரி வேஷம். கதாநாயகனின் கடப்பிதழைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். உதவி இயக்குநர் ஒருவர் வந்து, "சார், மலேசியாத் தமிழ் எப்படிப் பேசுவாங்க? எல்லாத்துக்கும் கடைசில லா போட்டா போதுமா?" என்று கேட்டார். நண்பர் அரைமணி நேரம் உட்கார்ந்து பாடம் எடுத்தார். எங்கே லா வரும், எங்கே வரவே வராது, தோட்டத்துப் பேச்சு எது, பட்டணத்துப் பேச்சு எது, கிள்ளான் பையன் எப்படி இழுப்பான் என்றெல்லாம் நடித்தே காட்டினார். படத்தில் சென்னை நடிகர் ஒருவர் எல்லாவற்றுக்கும் கடைசியில் லா போட்டார். நண்பரின் தலையாட்டல் வெட்டப்பட்டிருந்தது.

சரி, மேடைக்கு வருவோம். மேடையாவது நம்முடையது. டிக்கெட்டில் ஏழரை மணி என்று போட்டிருக்கும். ஒரு முறை சிறப்புப் பிரமுகர் டத்தோ பட்டம் பெற்ற ஒருவர். ஒன்பது பத்துக்கு வந்தார். வாசலில் நாதஸ்வரம், ஆரத்தி, குங்குமம். குத்துவிளக்கில் முதல் திரியை டத்தோ ஏற்றினார், இரண்டாவதை அவர் மனைவி டத்தின், மூன்றாவதை டத்தோவின் செயலாளர், நான்காவதை யாரோ. பிறகு திறப்புரை. கலையை வளர்க்க வேண்டும் என்றார். கலை நம் கண் என்றார். தாம் பள்ளியில் படித்தபோது கட்டபொம்மன் வேஷம் போட்டதைச் சொல்லி, வசனத்தைப் பேசிக் காட்டி, பாதியில் மறந்து, கைத்தட்டல் வாங்கினார். அன்றைய ராத்திரி மேடையில் கிடைத்த அதிகமான கைத்தட்டல் அதுதான். ஐயாயிரம் வெள்ளி தருவதாக அறிவித்துக் கதவு அகலத்துக்கு ஒரு மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். வேறொரு நிகழ்ச்சி இருப்பதால் நாடகம் தொடங்கும்முன் கிளம்பினார். அவரோடு மூன்று வரிசை கிளம்பியது. மூன்று வரிசையும் பாஸ்.

மண்டபத்தைப் பதினொரு மணிக்குப் பூட்ட வேண்டும். நேரம் போதவில்லை. இயக்குநர் திரைக்குப் பின்னால் கத்தரிக்கோல் எடுத்தார். நண்பரின் இரண்டாவது காட்சி போனது. மூன்று மாதம், அந்தப் பூப்பந்துக் கூடத்தில், ராத்திரி ராத்திரியாக ஒத்திகை பார்த்த காட்சி. மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஐயாயிரம் வெள்ளி வந்ததா என்று கேட்பீர்கள். அட்டைக் காசோலை இருக்கிறது. அதை அச்சடித்த எண்பது வெள்ளி குழுவின் செலவு. பணம் பரிசீலனையில் இருக்கிறது. அட்டை வீணாகவில்லை. பின்பக்கம் வெள்ளை, நல்ல தடிமன். பழுப்பு வண்ணம் அடித்து அடுத்த நாடகத்தில் லயத்து வீட்டுக் கதவாக்கிவிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு கங்காணி உள்ளே நுழைகிறபோது, பின்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் ஐந்தும் மூன்று சுழியும் தெரிந்தது.

பொன்னாடையாவது மிஞ்சியதே என்பார்கள். நண்பர் வீட்டில் அறுபதுக்கு மேல் இருக்கிறது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒரு மாதம், அதில் இருபதைத் தேர்ந்து எடுத்துக்கொண்டு கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு துணிக்கடைக்குப் போனார். பாதி விலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். கடைக்காரர் நல்ல மனுஷன், தே தாரிக் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

நாடகம் போட மாநகர் மன்றத்தின் அனுமதியும் வேண்டும், வசனப் பிரதி கொடுக்க வேண்டும். அதில் எங்களுக்கு ஒரு சங்கடமும் வந்ததில்லை என்பதைத்தான் நான் பெரிய அவமானமாக நினைக்கிறேன். 1989-இல் தொடங்கிய இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர் என்ற ஆங்கில நாடகக் குழு இங்கே உண்டு. ஜோ குகதாஸ் அதன் தூண். அமைச்சர்களையும் பெரிய மனிதர்களையும் மேடையில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். 2003-இல் அவர்களுடைய ஒரு நிகழ்ச்சியைப் பற்றி மலாய் நாளேடு ஒன்றில் புகார்க் கடிதம் வர, மாநகர் மன்றம் அந்தக் குழுவுக்குத் தடை போட்டது. ஊரே பேசியது. எங்கள் தமிழ் நாடகத்தை யாரும் தடை செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை. தடை செய்வதற்கு முதலில் யாராவது பார்த்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் நாங்கள் யாரையாவது கடித்திருக்க வேண்டும். டத்தோ முதல் வரிசையில் இருக்கும்போது எப்படிக் கடிப்பது? மாதிரிக் காசோலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைக்கு எழுதுகோல் ஏது?

இந்த மண்ணில் நாடகமும் சினிமாவும் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகமே இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகத்தைப் பார்த்துப் பிறந்தது, பினாங்கில். மலாய் சினிமாவின் தொடக்கக் காலத்தில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் இந்தியர்கள்! பி. ரம்லியை 1950-இல் 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னை மாகாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவர். அடுத்தவன் வீட்டுக்கு விளக்கேற்றிக் கொடுத்த ஜாதி நாம்.

அந்த வீட்டில் 2016-இல் நமக்கு என்ன மரியாதை கிடைத்தது? சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய படம் 'ஜகாட்'. தோட்டம் போன பிறகு புறம்போக்கில் வளர்ந்த ஒரு பையனின் கதை. மலேசியத் திரைப்பட விழாவில் அதையும் 'ஓலா போலா'வையும் தேசிய மொழி அல்லாத படம் என்று தனி அறையில் உட்கார வைத்தார்கள். கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலில் ஓங்கி ஒலித்த குரல்களில் ஒன்று முகமட் நோர் காசிம் என்ற மலாய் ஒளிப்பதிவாளருடையது. தான் அந்த விழாவில் வாங்கிய கோப்பைகளையெல்லாம் திருப்பித் தருவதாக அறிவித்தார். பிறகு பிரிவுகளை மாற்றினார்கள், 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. நமக்காக ஒரு மலாய்க்காரர் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். நம்மில் ஒருவராவது எவர் பொருட்டாவது ஒரு பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்ததுண்டா? நண்பர் துணிக்கடையில் கொடுக்கப் பார்த்ததைத் தவிர.

சங்கங்கள் பற்றி எழுதாவிட்டால் நண்பர் கோபித்துக்கொள்வார். மூன்று தமிழ் நடிகர் இருந்தால் நான்கு சங்கம் இருக்கும் இங்கே. நான்காவதன் தலைவர் நடிகரே அல்ல. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஆண்டு விழா, ஒவ்வொரு விழாவிலும் விருது, விருதை வாங்குபவர் அடுத்த ஆண்டு செயற்குழுவில். கலைஞனுக்குக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, எத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தயாரிப்பாளர்களிடம் கையெழுத்து வாங்குவதற்கு மட்டும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. நடிகர்களும் சும்மா இல்லை. வசனத்தில் மயிலாப்பூரையும் மதுரையையும் கலந்து அடிக்கிறார்கள். சொந்த ஊர்ப் பேச்சைப் பேச வெட்கம். மேடையில் ஏற்றும் நாடகங்களில் பாதி, சத்தியமாகச் சொல்கிறேன், ஓசியில் பார்க்கவும் லாயக்கில்லாதவை. பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஆறுதல் சொல்பவர்கள்தான் எரிச்சலைக் கிளப்புகிறார்கள். "விஜய் சேதுபதியப் பாருங்கண்ணே! கூத்துப்பட்டறையில கணக்கெழுதினவரு. 'புதுப்பேட்டை'ல கூட்டத்தோட கூட்டமா நின்னவரு. 2010-ல 'தென்மேற்குப் பருவக்காற்று'. இன்னைக்கு எங்க இருக்காரு!" ஆம், எங்கேயோ இருக்கிறார். ஒருவனுக்கு லாட்டரி விழுந்ததைக் காட்டி, சம்பளம் கேட்பவனை வீட்டுக்கு அனுப்புகிற நியாயம் இது. 'புதுப்பேட்டை'யில் அவரோடு அதே கூட்டத்தில் நின்ற மற்றவர்கள் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

பிரான்ஸில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மேடைக் கலைஞனும் திரைத் தொழிலாளியும் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்த கணக்கைக் காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு அரசு ஏற்பாட்டில் உதவித்தொகை. நடிகனுக்கு வேலை விட்டு விட்டுத்தான் வரும் என்பதை அங்கே சட்டமே ஒப்புக்கொள்கிறது. நண்பரிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "பிணமாப் படுத்திருந்த நேரத்தையும் சேத்துக்குவாங்களா?" என்றார். காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் ஆறு மாதத்தில் முடித்துவிடுவாராம்.

நம் நாட்டிலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2017-இல் சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு, பிறகு கலைத்துறைக்கும் விரித்தார்கள். நண்பர் அந்தத் திட்டத்துக்கான பெர்க்கேசோ பாரத்தை நிரப்ப என்னைக் கூப்பிட்டார். தொழில் என்ற கட்டத்தில் பேனா நின்றது. இருபத்தேழு வருஷம் அரிச்சந்திரன், துச்சாதனன், கோவலன், கங்காணி, பதினேழு பிணம். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு கொட்டை எழுத்தில் எழுதினார்: ஓட்டுநர்.

"ஏண்ணே?" என்றேன்.

"கலைஞர்னு போட்டா கவுண்டர்ல இருக்கிற பொண்ணு பாஸ் கேக்கும்டா."

வருகிற சனிக்கிழமை அதே பிரிக்ஃபீல்ட்ஸில் நாடகம். அரிச்சந்திரனாக நண்பர், மயான காண்டம் முழுசாக, வெட்டாமல். ஏழரை என்றால் ஏழரை. டத்தோ யாரையும் அழைக்கவில்லை. டிக்கெட் முப்பது வெள்ளி, நான் இரண்டு வாங்கிவிட்டேன், முதல் தடவையாக. உங்களுக்கு வேண்டுமென்றால் வாசலில் காசு கொடுத்து வாங்குங்கள். பாஸ் கேட்டு எனக்கு வாட்ஸாப் அனுப்பாதீர்கள்.